ஆவடிக்குப் பெயர் வைத்தது ராணுவமா?

‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா’ என்பதன் முதலெழுத்துகளைக் கோத்தால் ஆவடி வருகிறதாம். பொது அறிவுத் துணுக்காக வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் செய்தி இது. ஆவடியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதை நம்பிச் சொல்கிறார்கள். இது தவறு, திருத்தியே ஆக வேண்டிய தவறு.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே விஷயம் தெளிந்துவிடும். ஆவடியின் டாங்கித் தொழிற்சாலை 1961இல் தொடங்கப்பட்டது. முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது 1965இல். ஆனால் 1955 ஜனவரியிலேயே ஆவடி நாடறிந்த பெயர். நேரு பிரதமர், காமராஜர் முதல்வர், யு.என்.தேபர் தலைமையில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. தொழிற்சாலை இல்லை, கிடங்குதான் காரணம் என்று வாதிட்டாலும் இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் போக முடியாது. தண்டவாளமோ அதற்கும் வெகுகாலம் முந்தியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை ஆவடி வழியாகத்தான் போனது. அந்த நூற்றாண்டிலேயே ஆவடிக்கு ஸ்டேஷனும் இருந்தது.

பசுவைக் குறிக்கும் ‘ஆ’விலிருந்து பெயர் வந்தது என்பார் உண்டு. அதுவும் செவிவழிச் செய்திதான். ஆனால் ஏரியும் மேய்ச்சலுமாக இருந்த ஊருக்கு அது பொருந்துகிறது, காலக்கணக்கிலும் இடிக்கவில்லை.

ராணுவக் கதை இவ்வளவு எளிதாகப் பரவுவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் அப்படிப் பெயர் பெற்ற இடங்கள் உண்மையிலேயே உண்டு. ராணுவக் கிடங்குகளுக்காகப் பிரியும் கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன் இன்றும் ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’தான். மின்சார ரயிலின் நெற்றியில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மக்கள் ஏறுகிறார்கள். அருகிலுள்ள கல்லூரியால் ‘இந்து காலேஜ்’ என்றே பெயர் பெற்ற ஸ்டேஷனும் அங்கே உண்டு. பூசலார் நாயனாரின் ஊரான திருநின்றவூரோ வெள்ளைக்காரர் ஆட்சியில் ‘தின்னனூர்’ ஆகிப்போனது.

இப்படி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வரலாறு இருக்க, பயணிக்குக் கிடைப்பது என்ன? மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் பெயர், கடல்மட்டத்திலிருந்து உயரம், அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கப் பெரிய செலவாகாது. தெற்கு ரயில்வேயும், 2019இல் மாநகராட்சியான ஆவடியும் சேர்ந்து இதைச் செய்யலாம். 1856இன் பாதை, 1955இன் மாநாடு, 1965இன் டாங்கி மூன்றையும் தேதியோடு எழுதிவைக்கட்டும். வட்டாரப் பள்ளிகள் அதே பக்கத்தைப் பாடமாக நடத்தட்டும். அம்பத்தூர், திருமுல்லைவாயில், கொரட்டூர் ஸ்டேஷன்களிலும் அடுத்தடுத்து இந்த வேலை நடக்க வேண்டும். கல்வெட்டும் கோயிலும் உள்ள திருமுல்லைவாயிலில் எழுதுவதற்கு நிறையவே இருக்கிறது.