கையில் 2 ஆயிரம் ரூபாய்... பசங்க கடை போட்டா என்ன ஆகும்?

பிளஸ்-1, பிளஸ்-2 மாணவர்களிடம் அரசாங்கமே பணத்தைக் கொடுத்து "போய் வியாபாரம் பண்ணுங்கப்பா" என்று சொன்னது டெல்லியில். 2021-ம் ஆண்டு அரசு பள்ளிகளில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்'. தலைக்கு ரூ.2 ஆயிரம். சுமார் 3 லட்சம் மாணவர்களுக்காக ரூ.60 கோடி ஒதுக்கினார்கள். 5 பேர் கூட்டு சேர்ந்தால் 10 ஆயிரம் ரூபாய் முதல் ரெடி.

டி.வி. நிகழ்ச்சி, கண்காட்சி என்று அமர்க்களப்பட்டது. ஆனால் உண்மையான பாடம் மேடையில் இல்லை, கணக்கு நோட்டில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, தீபாவளிக்கு 400 மெழுகுவர்த்தி செய்கிறார்கள். அடக்கம் 12 ரூபாய், விலை 20 ரூபாய். போட்ட பணம் 4,800. விற்றது 250 தான், அதாவது 5 ஆயிரம் ரூபாய். 'லாபம் 200' என்று கைதட்டலாம். ஆனால் அதில் 30 வர்த்தி கூடப் படிக்கிற பசங்களுக்குக் கடன்! அந்த 600 ரூபாய் வராவிட்டால் 400 ரூபாய் நஷ்டம். மிச்சம் 150 வர்த்தி மூலையில் கிடக்கும். மெழுகு உருக்க எரிந்த அம்மாவின் கேஸ் எந்தக் கணக்கிலும் வராது.

இதைப் புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது. கையைச் சுட்டால்தான் ஏறும். தள்ளுவண்டிக்காரர் மகன் வீட்டுப் பணத்தில் சுட்டுக்கொள்ள முடியுமா? அதற்குத்தான் அந்த 2 ஆயிரம்.

டெல்லியில் 2025-ல் ஆட்சி மாறியதும் 'நீவ்' என்ற பெயரில் வேறு திட்டம் வந்துவிட்டது.

நம்ம ஊரில் தொழில் முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக்கல்வித்துறை, யுனிசெப் சேர்ந்து பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தை நடத்துகின்றன. மாணவர்கள் யோசனை சொல்கிறார்கள், மாதிரி செய்கிறார்கள், நல்லதுக்குப் பரிசு கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பரிசு வாங்குவது வேறு, பத்து பேரிடம் பேரம் பேசி விற்பது வேறு.

'பரீட்சை கெட்டுப்போகும்' என்று பெற்றோர் பயப்படுவதில் நியாயம் உண்டு. பிளஸ்-2 பசங்களிடம் போய் கடை போடு என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ்-1 பொதுத்தேர்வு கிடையாது. ஆடியில் கடையைத் திறந்து, பொங்கலுக்குள் கணக்கை முடித்து, வாராக்கடன் எவ்வளவு என்று வகுப்பில் வாசிக்கிற அளவுக்கு அந்த வருஷத்தில் இடம் இருக்கிறது.