சைலன்சரும் சுருளிப்பட்டிக் காதும்

1/ சினிமாவுல சைலன்சர் மாட்டுனா "புஸ்"னு ஒரு சத்தம். சுத்தப் பொய். ரைபிள் சத்தம் 160 டெசிபல் இருக்கும்; சைலன்சர் குறைக்கிறது 20–35தான். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் பலர் அதை மாட்டுவது தங்கள் காதைக் காப்பாத்த.

2/ இங்கே? பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷம். சுருளிப்பட்டித் தோட்டத்துல பறவையையும் பன்றியையும் வெடி போட்டு விரட்டுறவருக்கு? ராத்திரியெல்லாம் காதுல "ங்ஙொய்".

3/ "வயசானா காது மந்தமாகும்தானே டாக்டர்?" ஐயா, 40 ஒரு வயசா? 140-ஐத் தாண்டினா ஒரே வெடி போதும். உள்காதுச் செல்கள் செத்தா திரும்ப முளைக்காது.

4/ காதுல பஞ்சு வைக்கிறது பத்தாது. தோட்டக்கார முதலாளிகளே, பூச்சிமருந்துக்கு ஆயிரக்கணக்குல கொட்டுறீங்க. சில ரூபாய் இயர்பிளக் வாங்கித் தர மட்டும் ஏன் கை வரல?