பூண்டியில ஒரு பூண்டு... மூணு ப்ராஜெக்ட்!

'பூண்டி'ன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? சென்னைப் பசங்கன்னா 'குடிதண்ணி தர்ற ஏரி'ம்பீங்க. தஞ்சாவூர்ப் பக்கம்னா 'மாதா கோயில்'. இந்த வாரம் நாம போறது மூணாவது பூண்டிக்கு. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சின்னு பஸ் வளைஞ்சு வளைஞ்சு போற ரூட்ல இருக்கிற மலைக் கிராமம். சரிவெல்லாம் படிக்கட்டு வெட்டின மாதிரி வயல்கள். அதுல கேரட், உருளைக்கிழங்கு... அப்புறம் பூண்டு. ஆமா பாஸ், பூண்டியில பூண்டு! (கடி ஜோக்குன்னு தெரியும். அடிக்க வராதீங்க!)

இது ப்ராஜெக்ட் சீஸன். நம்மள்ல பாதிப் பேர் 'ப்ராஜெக்ட் சென்ட்டர்' வாசல்ல நின்னு, பேரை மட்டும் மாத்தி பைண்டிங் பண்ணிக்கிட்டு இருப்போம். நானும் அந்த க்யூவுக்குப் போக இருந்தவன்தான். 'சொந்தமா ஒரு கேள்வி கேட்டு, சொந்தமா பதில் தேடினா எப்படி இருக்கும்?'னு பார்க்கத்தான் மலை ஏறினேன்.

மேட்டருக்கு வருவோம். 2019-ல 'கொடைக்கானல் மலைப்பூண்டு'க்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அதுக்காக மெனக்கெட்டது யார்? கொடைக்கானல்லயே இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும். ஒரு பூண்டு 20-ல இருந்து 30 கிராம் வரை இருக்கும். வெள்ளை இல்லேன்னா வெளிர் மஞ்சள் நிறம். வருஷத்துக்கு ரெண்டு போகம். மத்த பூண்டுகளைவிட இதுல கந்தகச் சேர்மங்கள், ஃபீனால்கள் எல்லாம் அதிகம். அதனால கிருமிகளை எதிர்க்கிற சக்தியும் அதிகம்னு சொல்லித்தான் குறியீடு கேட்டாங்க.

இதை எல்லாம் படிச்சிட்டு பஸ்ல உட்கார்ந்தே தலைப்பு ரெடி பண்ணிட்டேன்... 'சர்வரோக நிவாரணி, கொடைக்கானல் பூண்டு!'

பூண்டியில ஒரு வீட்டு வாசல்ல பூண்டைத் தாளோட சேர்த்துக் கட்டிக்கிட்டு இருந்தாங்க ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். பக்கத்துல உட்கார்ந்து என் 'லெக்சரை' ஆரம்பிச்சேன். "உங்க பூண்டு கிருமியைக் கொல்லுதுன்னு லேப்ல கண்டுபிடிச்சிருக்காங்கம்மா... அவ்வளவு சத்து!" அவங்க கையை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க.

"அப்படியா தம்பி? அப்ப நான் சர்க்கரை மாத்திரையை நிறுத்திரலாமா?"

பகீர்னு ஆயிடுச்சு. நான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா அவங்க காதுல விழுந்தது வேற!

சரி, லேப்ல நடக்கிறது என்ன? முழுப் பல்லா இருக்கிற பூண்டு அவ்வளவா நாறாது, கவனிச்சிருக்கீங்களா? உள்ளே 'அல்லின்' ஒரு அறையில, 'அல்லினேஸ்' என்ற நொதி இன்னொரு அறையில இருக்கும். நசுக்கினா சுவர் இடிஞ்சு ரெண்டும் சேர்ந்து 'அல்லிசின்' உருவாகும். அந்தக் காட்டமான வாசனையும் கிருமிகளைக் கொல்ற வேலையும் இதோடதுதான். கிருமி வளர்த்த தட்டுல பூண்டுச் சாறு நனைச்ச சின்னக் காகித வட்டத்தை வெச்சா, மறுநாள் அதைச் சுத்தி கிருமி வளராத ஒரு வளையம் தெரியும். ஸ்கேல் வெச்சு அளந்துடலாம். பயோடெக் படிக்கிறவங்களுக்கு இது அத்துப்படி.

ஆனா தட்டு வேற, உடம்பு வேற பாஸ்! நசுக்கின கையோட கொதிக்கிற எண்ணெயில போட்டா நொதி செத்துடும். பச்சையா மென்னு முழுங்கினாலும் ரத்தத்துல அல்லிசினாவே தேடினா கிடைக்காது, வேற கந்தகச் சேர்மங்களா மாறிடும். அதுல ஒண்ணு ரத்தம் வழியா நுரையீரலுக்குப் போய் மூச்சுல வெளிய வருது. பூண்டு சாப்பிட்டுட்டு மூணு தடவை பல் விளக்கினாலும் பக்கத்து சீட் ஃபிகர் எந்திரிச்சுப் போறது இதனாலதான்!

2020-ல என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கா? 'பூண்டு சாப்பிட்டா கொரோனா வராது'ன்னு ஃபார்வர்டு பறந்தது. 'பூண்டு நல்ல உணவுதான், ஆனா கொரோனாவைத் தடுக்கும்னு ஆதாரம் இல்லை'ன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது. தட்டுல தெரிஞ்ச வளையம், ஒருத்தர் வாயில இருந்து இன்னொருத்தர் காதுக்குப் போறதுக்குள்ள மருந்தாவே மாறிடுது.

அதனாலதான் சொல்றேன், ஒரு பூண்டுக்குள்ள மூணு ப்ராஜெக்ட் இருக்கு.

ஒண்ணு, சயின்ஸ் குரூப்புக்கு. மலைப்பூண்டையும் கடைப்பூண்டையும் ஒரே எடை, ஒரே நேரம் நசுக்கி ஒப்பிடுங்க. வெறும் தண்ணி நனைச்ச வட்டம் ஒண்ணும் கட்டாயம் வைங்க. ஒரே தட்டோட நிறுத்தாதீங்க, திரும்பத் திரும்பச் செஞ்சு பாருங்க.

ரெண்டு, மருத்துவம், நர்சிங், ஃபார்மசி மக்களுக்கு. ஊர்ல யார் யார் மாத்திரைக்குப் பதிலா பூண்டை நம்புறாங்கன்னு அவங்க சம்மதத்தோட கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க பூண்டு கேப்ஸ்யூலை டாக்டரைக் கேட்காம எடுத்தா ரத்தக்கசிவு ஆபத்து இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா?

மூணு, விஸ்காம், தமிழ், ஜர்னலிசம் நண்பர்களுக்கு. குறியீடு வந்தா மட்டும் போதாது. அந்தப் பேரைப் போட்டு விற்கிற விவசாயி, அங்கீகாரம் பெற்ற பயன்பாட்டாளரா தன் பேரையும் பதிவு பண்ணிக்கணும். இந்த விஷயம் பூண்டி வரைக்கும் எந்த மொழியில, எந்த வடிவத்துல போய்ச் சேர்ந்திருக்கு? விசாரிச்சாலே ஒரு நல்ல ஆய்வு கிடைக்கும். பஸ் செலவுக்கும் கவலை வேணாம். மேல சொன்ன அறிவியல் தொழில்நுட்ப மன்றமே கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுகளுக்கு நிதி தர்ற திட்டம் வெச்சிருக்கு. ஹெச்.ஓ.டி.யைப் பிடிங்க!

கடைசியா ஒரு டெக்னிக். டாக்டர்களும் நர்ஸ்களும் செய்றது. நாம சொன்னதை எதிராளி அவர் வார்த்தையில திரும்பச் சொல்லணும். தப்பாச் சொன்னா அது அவர் தப்பு இல்லை, நாம விளக்கினதுல கோளாறு.

வாசல்லயே உட்கார்ந்து, "மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா"ன்னு முதல்ல இருந்து ஆரம்பிச்சு சொன்னேன். "இப்ப நீங்க சொல்லுங்க."

அம்மா சிரிச்சுட்டே ஒரு பல்லை உரிச்சாங்க. "இது குழம்புக்கு. அது சர்க்கரைக்கு. தட்டுல செத்த பூச்சி, என் வயித்துல சாகுமான்னு இன்னும் பார்க்கணும். சரியா தம்பி?"

என் வைவா எக்ஸாமினர்கூட இவ்வளவு தெளிவாச் சொல்ல மாட்டார்! கிளம்பும்போது கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி... "அந்தக் குறியீடு வந்தா வெலை ஏறுமா?"

எனக்குப் பதில் தெரியலை. நாலாவது ப்ராஜெக்ட் அதுதான். எகனாமிக்ஸ் மக்களே, யார் கிளம்புறீங்க? அடுத்த வாரம் பார்க்கலாம்!