ஈகை மட்டும் போதுமா?

பழவேற்காடு ஏரிக்கரை மீனவர்களிடையே 'பாடு' என்றொரு முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் வலிமை மிக்கவரே நாள்தோறும் வலை கட்டிக்கொண்டால் மற்றவர் பிழைப்பது எங்ஙனம் என்று முன்னோர் எண்ணிப் பார்த்தனர். இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வகுத்தனர். தம் முறை வந்து வலை கட்டுகிறவரை எவரும் இரவலர் என்று இகழ்வதில்லை. அது அவருடைய உரிமை. ஆனால் பாட்டில் பெயர் இல்லாதவருக்கு அந்த நீரில் இடமும் இல்லை.

அந்த ஏரிக்குத் தெற்கே, வங்கக் கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கிறது காட்டுப்பள்ளி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் அங்கே திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. வலையை நம்பி வாழ்ந்த மக்கள் ஆலை வாசலில் வேலை கேட்டு நிற்கும் காலமும் வந்தது. பழைய பாட்டிலும் சரி, புதிய ஆலைகளின் ஆள் பட்டியலிலும் சரி, பார்வையற்ற ஒருவரின் பெயர் எங்கே இருக்கிறது என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா?

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர். தமிழ்நாட்டில் மட்டும் 1 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். இவர்களில் பெரும்பாலோரை முடக்கி வைத்திருப்பது கண்ணின் குறை மட்டும்தானா? ஏரியின் கலங்கிய நீரில் இருளர் மக்கள் இறாலைக் கையால் தடவிப் பிடிப்பதைப் பாருங்கள். அங்கே கண்ணுக்கு வேலை குறைவு, விரல்களே காண்கின்றன. வலையைப் பழுது பார்ப்பவரின் கையும், கரைவலைக் கயிற்றை இழுப்பவரின் தோளும் அத்தகையனவே. இவற்றையெல்லாம் நாள்தோறும் கண்டிருந்தும், நம் வீட்டுப் பிள்ளைக்குப் பார்வை இல்லையென்றால், "நீ சும்மா இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி மூலையில் அமர்த்தி விடுகிறோம். அன்பினால் சொல்லும் சொல்தான். ஆயினும் அதன் விளைவு கொடிது. பள்ளிக்கூடம் அப்பிள்ளைக்கு எட்டாமற் போகிறது. பின்னர் தொழில் எட்டாமற் போகிறது. தொழில் இல்லாதவருக்கு மணம் பேசவும் ஆள் வருவதில்லை.

படித்து வெளியே வந்தவர்களின் நிலை என்ன? முன்பு பிரம்பு நாற்காலி பின்னுதல், தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றுதல் என்று சில வேலைகள் அவர்களுக்கென இருந்தன. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, தொலைபேசி தானியங்கியாயிற்று. அந்த வாசல்கள் அடைபட்டன. இன்று சென்னைப் புறநகர் மின்ரயில்களில் பேனாவும் கடலை மிட்டாயும் விற்று வரும் பார்வையற்றோரை மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் ஏறி இறங்கும் அன்பர்கள் அறிவார்கள். இரந்து வாழ மனமின்றி விற்றுப் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். ஆனால் ரயில்வே சட்டத்தின் 144-ஆவது பிரிவு, உரிமம் இன்றி ரயிலில் விற்பதைக் குற்றம் என்கிறது. உழைக்க வந்த இடத்திலும் அச்சத்தோடு உழைக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் மாற்றுத் திறனாளிகளுக்கு 3 விழுக்காடு ஒதுக்கிற்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 விழுக்காடாக்கி, அதில் 1 விழுக்காட்டைப் பார்வையற்றோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் உரியதாக்கிற்று. எனினும் ஏட்டில் எழுதியது வீட்டுக்கு வந்து சேர எத்தனை இடர்கள்! பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு வழக்காடிய பின்னரே, ஒதுக்கீட்டை மொத்தக் காலியிடங்களைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சென்னையில் பார்வையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டுப் போராடினார்கள், 2024-இலும் போராடினார்கள். பார்வையின்மையைக் காரணம் காட்டி நீதிபதிப் பணியை மறுக்கலாகாது என்று சொல்வதற்கு 2025 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வாசக அன்பர்களே, இவ்விடத்தில் நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைவுகூர்வோம். பார்வையற்ற அவர், குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் அறிவு தேடி வந்தார். அவர் பால் முகம் சுளித்ததைக் கண்டித்து இறங்கியதே திருமறையின் 80-ஆவது அத்தியாயத்தின் தொடக்கம். இந்த வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் பின் நடந்ததைத்தான் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

நாயகம் அவர்கள் அவருக்குப் பொருளை அள்ளிக் கொடுத்து மூலையில் அமர்த்திவிடவில்லை, பணி கொடுத்தார்கள். மதீனாப் பள்ளியில் பிலால் (ரலி) அவர்களோடு அவரும் முஅத்தினாக இருந்தார். நோன்புக் காலத்தில் பிலாலின் அழைப்புக்குப் பின்னும் உண்ணலாம். இப்னு உம்மி மக்தூமின் அழைப்பு எழுந்தால் நிறுத்திவிட வேண்டும். விடியலைக் கண்ணால் காண இயலாதவர் வசம் விடியலை அறிவிக்கும் பொறுப்பு! அது எவ்வாறு நடந்தது? விடிந்துவிட்டது என்று பிறர் அவருக்குச் சொல்வார்கள். அவர் பாங்கு சொல்வார். நபிமொழி நூல்கள் இதனைத் தெளிவாகவே பதிந்திருக்கின்றன. தேவைப்பட்டது ஒருவரது வாய்ச்சொல் உதவி மட்டுமே. நாயகம் அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் அவர் ஏற்றிருக்கிறார்.

இன்று அந்த உதவியைக் கணிப்பொறி செய்கிறது. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் 'என்.வி.டி.ஏ.' என்னும் மென்பொருளைப் பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கி, விலையின்றி வழங்கினர். சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுதும் பார்வையற்ற ஒருவர் அப்பணிக்கு வந்தது அதுவே முதன்முறை. மதுரையின் பூரணசுந்தரி 2019-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் தேறினார். முயற்சிக்குத் துணை கிடைத்தால் எட்டாத உயரம் இல்லை என்பதற்கு இவர்களே சான்று.

அப்படியாயின் நம் கடமை யாது? பார்வையற்ற பிள்ளை இருக்கும் வீடு நம் ஊரில் எது என்று ஜமாஅத்தும் மீனவர் ஊர்ச் சபையும் முதலில் அறிய வேண்டும். பூவிருந்தவல்லியில் அரசு பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே சேர்க்கத் தயங்கும் பெற்றோருக்குத் துணையாகச் சென்று வர வேண்டும். ரமலானில் வழங்கும் பொருளில் ஒரு பகுதி, உரியவர் ஒருவருக்குக் கணிப்பொறியும் பயிற்சியுமாகட்டும். தனியார் நிறுவனங்களில் 5 விழுக்காட்டுப் பணியிடங்களேனும் மாற்றுத் திறனாளிகளுக்குக் கிடைக்க அரசு ஊக்கமளிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இது கட்டாயம் இல்லை என்பதனாலேயே, கேட்பவர் குரல் ஓங்கி ஒலிக்க வேண்டியிருக்கிறது. காட்டுப்பள்ளிச் சுற்று வட்டாரத்து ஆலைகளிடம் உள்ளூராருக்கு வேலை கேட்கும் போதெல்லாம், பார்வையற்றோர் பெயரையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஜும்ஆ முடிந்து வரும்போது நீட்டிய கையில் காசு இடுவது நற்செயலே. ஆனால் அந்தக் கை அடுத்த வெள்ளியும் அங்கேயே நீண்டிருப்பதைக் கண்டு மனம் நிறைவு கொள்வது ஈகை ஆகாது. அக்கைக்கு உரிய வேலையைத் தேடித் தருவோம். அவர்கள் கேட்பது ஏரிக்கரை மக்கள் நன்கறிந்த அந்தப் பாட்டைத்தான்.