ஆடியவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

2022-இல் தொடங்கிய தூத்துக்குடி நெய்தல் கலைத் திருவிழாவானாலும் குலசேகரன்பட்டினம் தசராவானாலும் பத்திரிகைகளில் வண்ணப் படங்களோடு செய்தி வருகிறது. மகிழ்ச்சி. ஆனால் விருந்தினர் பெயர்கள்தான் வரிசையாக இருக்கின்றன. ஆடியவரும் பாடியவரும் ‘கலைக்குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறார்கள்.

வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்டிக் கதையை எடுக்கிறார். பக்கத்தில் ஒருவர் பத்தி என்னும் மட்டையால் குடத்தின் வாயை அறைந்து, மறு கையால் அதன் பக்கத்தைத் தட்டி, நள்ளிரவு தாண்டியும் தாளம் பிசகாமல் கொண்டுபோகிறார். அவர் எந்த ஊர், யாரிடம் படித்தார்? நிருபர் மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்தது இம்மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில். அவருடைய ‘வள்ளி திருமணம்’ நாடகம் இன்றும் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கிறது. அதற்கு ஒரு விமர்சனம் வந்து நான் படித்ததே இல்லை. சென்னை மார்கழிக் கச்சேரிக்குத் தனி ஆவர்த்தனம் வரை அலசி எழுதுகிறீர்களே, வள்ளியும் நாரதரும் நடத்தும் தர்க்கத்துக்கு அரைப் பத்தி கூடவா இல்லை?

பணத்தைப் பற்றியும் எழுதுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. எத்தனை பேருக்கு அதில் உறுப்பினர் அட்டை கிடைத்திருக்கிறது? அரசு விழாவில் ஒரு குழுவுக்கு என்ன சன்மானம், அது எத்தனை நாளில் கைக்கு வருகிறது? வாரியத்தில் சேரும்போது காட்ட, பல கலைஞர்களிடம் மேடையேறியதற்கு எழுத்துச் சான்றே கிடையாது. பெயரோடு வரும் செய்தித் துணுக்கு அந்தக் குறையைத் தீர்க்கும். அடுத்த திருவிழாச் செய்தியிலேயே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி