வீடியோ பார்த்தால் மெக்கானிக் ஆகிவிடலாமா?

சென்ற மாதம் என் காரின் பேட்டரியை நானே மாற்ற முயன்றேன். இன்டர்நெட்டில் 4 நிமிட வீடியோ பார்த்த தைரியம்தான். 10-ம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, கைக்கு முதலில் எட்டிய பாசிட்டிவ் டெர்மினலின் நட்டைத் திருகினேன். ஸ்பேனரின் மறுமுனை கார் பாடியில் பட்டது. ‘பட்’ என்று பெரிய தீப்பொறி! விரல் சுட்டது, ஸ்பேனரில் பள்ளம் விழுந்தது.

நடந்தது என்ன? பேட்டரியின் நெகட்டிவ் முனை கார் பாடியுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பேனர் பாசிட்டிவ்வையும் பாடியையும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். 12 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் பாயும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு பற்றிக்கொண்டால் பேட்டரியே வெடிக்கலாம். நெகட்டிவ்வை முதலில் கழற்றிவிட்டால் இந்த ஆபத்து இல்லை. திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

வீடியோவிலும் இதே வரிசைதான் இருந்தது. ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணம் தெரியாததால் வரிசையை மறந்துவிட்டேன்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். பேக்கப் எடுக்காமல் ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்வதும், மின்சாரம் எப்போது போகுமோ என்ற நிலையில் யுபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட் செய்வதும் வரிசை தவறிய வேலைகளே.

அதற்காக எதையும் தொடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தொட்டால்தான் கற்க முடியும். ஆனால் ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்று உங்களையே கேளுங்கள். பதில் வரவில்லையா? ஸ்பேனரோ மவுசோ, கீழே வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கேளுங்கள்.