குடும்ப ஜெபத்தை கோர்ட்டு ஆக்காதீங்க

1/
"குடும்ப ஜெபமா? எங்க டாக்டர் நேரம் இருக்கு? பையனுக்கு ட்யூஷன், அவருக்கு ஷிஃப்ட், எனக்கு அடுப்படி."
கிறிஸ்தவக் குடும்பங்கள்ல இந்தப் பேச்சை அடிக்கடி கேக்குறேன். நைட் டூட்டி பாக்குற ஆளுங்கிறதால அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா பிரச்சனை நேரம் மட்டும் இல்லைன்னு நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க மக்களே.

2/
பிபி மாத்திரை தினம் ஒண்ணுன்னு எழுதிக் கொடுக்கிறோம். ஆறு நாள் விட்டுட்டு ஞாயித்துக்கிழமை ஏழு மாத்திரையையும் மொத்தமா முழுங்கினா என்ன ஆகும்? பிரஷரும் கட்டுப்படாது, உயிருக்கும் ஆபத்து.
பல வீடுகள்ல விசுவாசம் இப்படித்தான் போகுது. வாரம் முழுக்க ஒண்ணும் கிடையாது. ஞாயிறு ஆராதனை, சண்டே ஸ்கூல், லீவுல விபிஎஸ். அதோட நம்ம கடமை முடிஞ்சதுன்னு இருந்துடுறோம்.

3/
உபாகமம் 6-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. பிள்ளைகள்கிட்ட இதையெல்லாம் எப்பப் பேசணும்னு மோசே நாலு வேளை சொல்றார். வீட்ல உக்காந்திருக்கும்போது, வழியில போகும்போது, படுக்கும்போது, எழும்பும்போது.
நாலுமே ஏற்கனவே நம்ம நாள்ல இருக்கிற வேளைதான். புதுசா ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லலை. அந்த நாலையும் இன்னைக்கு எப்படிப் பயன்படுத்தலாம்னு பாப்போம்.

4/
எழும்பும்போது:
ஸ்கூல் பேக் மாட்டுறதுக்கு முன்னாடி தலையில கை வச்சு ஒரே ஒரு வரி ஜெபம். "நல்ல மார்க் வாங்கணும்"னு வேண்டாம். "ஆண்டவர் இன்னைக்கு உன்கூட இருப்பார்", அது போதும். கத்தோலிக்க வீடுகள்ல பிள்ளையோட நெத்தியில சிலுவை அடையாளம் போட்டு அனுப்புவாங்க. அருமையான பழக்கம், விட்டுடாதீங்க.

5/
வழியில:
108 ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா, உள்ள இருக்கிறவங்களுக்காக ஒரு வரி ஜெபிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்க. நீங்க வண்டியை ஓரங்கட்டி வழி விடுங்க. (ஓட்டுறவங்க கண்ணை மூட வேண்டாம்!) ஜெபமும் வழிவிடுறதும் சேர்ந்து வரணும்னு பிள்ளை பார்த்தே கத்துக்கும்.

6/
உக்காந்திருக்கும்போது:
ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம். எல்லா போனும் அலமாரியில, அப்பா போனும் சேர்த்து. மாற்கு சுவிசேஷத்துல 16 அதிகாரம். தினம் பாதி அதிகாரம் வாசிச்சா ஒரு மாசத்துல ஒரு சுவிசேஷமே முடிஞ்சிரும்.
119-ம் சங்கீதத்துல 176 வசனம் இருக்கு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையை உக்கார வச்சு அதை முழுசா வாசிக்காதீங்க. 117-ம் சங்கீதம் ரெண்டே வசனம், அதுவும் வேதம்தான்.

7/
வாசிச்சு முடிச்சதும் பிரசங்கம் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்க.
நல்ல சமாரியன் கதையில (லூக்கா 10) அடிபட்டுக் கிடந்தவருக்குக் காயம் கட்டி, சத்திரத்துல சேர்த்து, செலவுக்குக் காசும் கொடுத்துட்டுப் போறார். "நீ அந்த வழியா போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?" கேட்டுட்டு சும்மா இருங்க. பிள்ளை யோசிக்கட்டும். பதில் தப்பா வந்தாலும் உடனே திருத்தாதீங்க.

8/
படுக்கும்போது:
"இன்னைக்கு எதுக்கு நன்றி சொல்லலாம்? எது கஷ்டமா இருந்துச்சு?" முதல்ல பெத்தவங்க சொல்லணும். "இன்னைக்கு உன்மேல தேவையில்லாம கத்திட்டேன், மன்னிச்சிரு"ன்னு அப்பா சொல்ற வீட்ல மன்னிப்பைப் பத்தித் தனியா பாடம் எடுக்க வேண்டியதில்லை.
ஜெபமாலை 53 மணி முடியாத நாள்ல ஒரு பத்து மணியாவது சேர்ந்து சொல்லுங்க. அப்பா வெளிநாட்டுல இருந்தா வீடியோ கால்ல சேர்த்துக்கங்க.

9/
இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இதுக்காகத்தான் இந்த திரெட்டே.
சில வீடுகள்ல ஜெபம் புகார் மனுவா மாறிடுது. "ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேங்கிறான். போனே கதின்னு கிடக்கிறான். எங்க மானம் போகுது. இவனுக்கு நல்ல புத்தியைக் குடும்." பேசுறது ஆண்டவர்கிட்ட. குத்துறது பக்கத்துல முழங்கால் போட்டிருக்கிற பிள்ளையை.

10/
பிள்ளை இதுல என்ன கத்துக்கும்? அம்மா அப்பா வக்கீல், ஆண்டவர் ஜட்ஜ், நான் கூண்டுல நிக்கிறவன். கடவுளும் இவங்க கட்சிதான்னு அதுக்குத் தோணிப் போகுது.
"அப்போ கண்டிக்கவே கூடாதா டாக்டர்?"
தாராளமா கண்டிங்க. ஜெபத்துக்கு வெளியே, முகத்தைப் பார்த்து, நேரா. கண்ணை மூடிக்கிட்டு வேண்டாம்.

11/
பப்ளிக் எக்ஸாம் ரிசல்ட் வர்ற வாரம் அவசர சிகிச்சைப் பிரிவுல வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு பயம் இருக்கும். தனக்குத் தானே ஆபத்து தேடிக்கிட்டு வர்ற பிள்ளைகள்ல எல்லா மதமும் உண்டு. சிலுவை டாலர் போட்ட பிள்ளையும் உண்டு. இதுக்கு ஒரே காரணம்னு எதையும் சொல்ல முடியாது. ஆனா அப்புறமா உக்காந்து பேசும்போது காதுல விழுற வார்த்தை ஒண்ணு உண்டு: "வீட்ல சொல்ல பயமா இருந்துச்சு."

12/
லூக்கா 15-ல இளைய மகன் சொத்தையெல்லாம் அழிச்சுட்டுத் திரும்பி வர்றான். தூரத்துலயே பார்த்த அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கிறார். அவன் யோசிச்சு வச்ச மன்னிப்பை முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள புது டிரஸ், மோதிரம், செருப்பு, விருந்துன்னு ஏற்பாடு நடக்குது.
எனக்கு இதுல பெருசா தெரியுறது வேற. எல்லாம் போன பிறகும் "எங்க வீட்டுக்குப் போகலாம்"னு அவனுக்குத் தோணுச்சு பாருங்க, அது. நம்ம பிள்ளைக்கு அப்படித் தோணுமா?

13/
டாக்டரா ஒரு வார்த்தை. காய்ச்சலோ வலிப்போ வந்தா ஜெபிங்க, ஆஸ்பத்திரிக்கும் வாங்க. மனச்சோர்வு ஒரு நோய், அவிசுவாசம் இல்லை. அதுக்கு சிகிச்சை உண்டு. சுவிசேஷம் எழுதின லூக்காவையே பவுல் வைத்தியர்னுதான் பாசமா சொல்றார்.
பிள்ளை சாப்பிடாம, தூங்காம, பேசாம ஒதுங்கிப் போனா காத்திருக்காதீங்க. 104 அல்லது 14416, ரெண்டும் 24 மணி நேரமும் இலவசம்.

14/
இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம். ஒரு சின்னப் பகுதி, ஒரு கேள்வி, ஒரு நன்றி. முடிக்கிற ஜெபத்தை வீட்டுலயே சின்னப் பிள்ளைகிட்ட விடுங்க. நாய்க்குட்டிக்கும் பென்சில் பாக்ஸுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணும். சிரிக்காம "ஆமென்" சொல்லுங்க.
பெரிய பிள்ளைக்கும் ஒரு முறை வாய்ப்புக் கொடுங்க. வேண்டாம்னு சொன்னா கட்டாயப்படுத்தாதீங்க. பக்கத்துல உக்காரட்டும், அது போதும்.